பாலக்கரை பாய் செய்த மீன் தொட்டி

நம் வயதுக்காரர்களை ஒன்று கேட்கிறேன். தண்ணீரை முதன்முதலாகப் பக்கவாட்டில் எப்போது பார்த்தீர்கள்? அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள். கிணற்றை எட்டிப் பார்த்தோம், அண்டாவைக் குனிந்து பார்த்தோம், காவேரியைப் படித்துறையில் நின்று பார்த்தோம். எல்லாம் மேலிருந்துதான். தண்ணீருக்கும் ஒரு விலா உண்டு, அந்தப் பக்கமாகவும் உள்ளே பார்க்கலாம் என்பது பத்து வயது வரைக்கும் எனக்குத் தெரியாது.

இன்றைக்குப் பல் டாக்டர் வீட்டில் மீன் தொட்டி, ஓட்டலில் மீன் தொட்டி, நகைக்கடையில்கூட மீன் தொட்டி. யாரும் நின்று பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் அது வந்த கோடையில் தபால்காரர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கால்மணி நேரம் நின்று பார்த்தார். மற்ற வீட்டுத் தபாலெல்லாம் அன்றைக்குத் தாமதம்.

யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள் அவை. நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். அம்மா அந்தக் கோடையில் பிரசவத்துக்காகப் பிறந்தகம் போயிருந்தாள். ஆகவே வீடு முழுக்க அத்தையின் கையில் இருந்தது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். எங்கள் வீட்டில் சுத்தம் என்பது ஒரு வியாதி, அத்தைதான் அதன் மூலவேர். அவள் குளித்துவிட்டு மடியாக வந்தால் நான், பூனை, வெயில் எல்லாமே சற்று ஒதுங்கிக்கொள்வோம்.

பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா சைக்கிளில் பொன்மலைக்குப் போய் ஒரு ரயில்வே துரையின் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். அந்த பங்களாவின் ஹாலில்தான் அவர் மீன் தொட்டியைப் பார்த்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. என் சிலேட்டைப் பிடுங்கி, நான் எழுதி வைத்திருந்த வாய்ப்பாட்டை அழித்துவிட்டு ஒரு பெட்டி வரைந்தார்.

"நாலு பக்கமும் கண்ணாடி. அடியில ஆத்து மணல். அதுலயே செடி நிக்கறது. மீன் பாட்டுக்குப் போயிண்டும் வந்துண்டும் இருக்கு. இதை மட்டும் கிளாஸ்ல வெச்சா பசங்களுக்கு நான் வாயைத் திறக்கவே வேண்டாம்" என்றார்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் அறைக்குக் கண்ணாடி அலமாரிகள் செய்வதாக இருந்தார்கள். ஜன்னல்களுக்கும் புதுக் கண்ணாடி. கோடை லீவு முடிவதற்குள் வேலையை யாரிடம் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியது அப்பாவின் பொறுப்பு. அவர் மனசில் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். பாலக்கரையில் படங்களுக்குக் கண்ணாடி போட்டுக்கொடுக்கும் ஒரு பாய். எங்கள் வீட்டுச் சுவரிலிருந்த பெருமாள் படம், தாயார் படம் எல்லாமே அவர் கண்ணாடி போட்டவைதான். அதை மட்டும் அத்தை தீட்டில் சேர்ப்பதில்லை.

அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பாய் ஒல்லியான மனிதர். கண்ணாடி அறுக்கும் வைரமுனையைக் காதின் மேல் செருகியிருந்தார். அப்பா சொன்னதையெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அளவு மனசில் பதிவதற்காக அப்படிச் செய்வார் என்று பிறகு தெரிந்தது.

"தண்ணி நிக்கற மாதிரி இதுவரைக்கும் செஞ்சதில்ல சார். செஞ்சு பாக்கறேன்" என்றார்.

"இது நன்னா வந்துடுத்துன்னா ஸ்கூல் வேலை முழுக்க உங்களுக்குத்தான் பாய். நான் சொல்லிடறேன்."

பக்கத்தில் அவருடைய மகள் நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் என் ரிப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவள் கண்ணாடி வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் அவள் தலையில் கையை வைத்தார்.

"அந்த வேலை கிடைச்சா நான் கப்பல் ஏற வேண்டாம் சார். பினாங்குல மச்சான் கடை வெச்சிருக்காரு. வா வான்னு மூணு கடுதாசி போட்டுட்டாரு. போனா அஞ்சு வருஷம் ஆவும். அதுக்குள்ள இது என் மொகத்த மறந்துடும்."

"நீங்க எங்கயும் போக வேண்டாம், தொட்டியைப் பண்ணுங்கோ" என்றார் அப்பா. அவர் குரலில் எவ்வளவு தாராளம் இருந்தது தெரியுமா. எனக்கே பெருமையாக இருந்தது.

தொட்டி பத்து நாளில் வந்தது. வைக்கோலும் சாக்கும் சுற்றி, குதிரை வண்டியில் பாய் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். இரும்புச் சட்டம், கனமான கண்ணாடி, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அடைத்த பட்டி. ஆளிவிதை எண்ணெயில் சீமைச் சுண்ணாம்பைப் போட்டுப் பிசைந்து, இறுகுவதற்காகக் கொஞ்சம் சிவப்பு ஈயப்பொடி சேர்த்த பட்டி அது. மூலைகளில் குங்குமக் கோடு மாதிரி தெரிந்தது. அந்த எண்ணெய் வாசனை வீட்டில் ஒரு வாரம் நின்றது. எனக்குப் பிடித்திருந்தது. அத்தை மூக்கை மூடிக்கொண்டு போவாள், வருவாள்.

முற்றத்தில் வைத்து நீர் நிரப்பி, கொட்டி, மறுபடி நிரப்பிப் பத்து நாள் விட்டுவைத்தோம். அது பாய் சொன்ன முறை. தினமும் காலையில் அத்தை தொட்டிக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பாள். ஒரு சொட்டு ஈரம் அகப்பட்டால் போதும், திருப்பி அனுப்பிவிடலாம் என்று காத்திருந்தாள். அகப்படவில்லை.

தொட்டியைக் கொண்டுவந்த அன்று கிளம்பும்போது பாய் அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"கடைசியா ஊத்தற தண்ணிய அப்படியே விட்டுடுங்க சார். பழசாகட்டும். எங்க பள்ளிவாசல்ல கை கால் கழுவற ஹவுள் இருக்கு, அதுல நான் சின்னப் புள்ளையா இருந்தப்பலேந்து மீன் கெடக்குது. யாரும் முழுசா எறைக்கறதில்ல. கொறஞ்சா கொஞ்சம் ஊத்துவாங்க, அவ்வளவுதான். பழகின தண்ணிலதான் மீன் நிக்கும்."

அப்பா தலையை ஆட்டினார். வாத்தியார்கள் தலையை ஆட்டினால் காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம். அதை இத்தனை வயதுக்குப் பிறகு சொல்கிறேன்.

மீன் என்றதும் அத்தை பிடித்துக்கொண்டாள்.

"நம்மாத்துக்குள்ளயா மீன்? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சாடா?"

"திங்கறதுக்கா கொண்டு வரேன் அக்கா? பாக்கறதுக்குத்தான்."

"பாக்கறதுக்கு ஊர்ல வேற ஒண்ணும் இல்லையோ?"

அப்பா அப்போதுதான் அந்த அஸ்திரத்தை விட்டார். "பெருமாள் முதல் முதல்ல என்னவா அவதாரம் பண்ணினார், சொல்லு."

அத்தை "மச்சம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை தொட்டி வைத்த பெஞ்சுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோலம் இருந்தது. அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்த வாதத்தில் அவர் தோற்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கொள்ளிடத்தில் அந்தச் சமயம் மணல்தான் ஓடியது. அங்கங்கே குட்டை குட்டையாகத் தேங்கிய நீரில் கெண்டைக் குஞ்சுகள் சிக்கிக் கிடந்தன. அப்பா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்க, நான் மேல்துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். பதினோரு மீன். வாலருகே கறுப்புப் பொட்டு வைத்த நாலு, வெள்ளியாக மின்னிய ஐந்து, மணலோடு மணலாக ஒட்டிக்கொள்ளும் அயிரை இரண்டு. வாய்க்காலிலிருந்து வேலம்பாசி. மணலை நான் ஏழு தடவை அலசினேன்.

மீன்களை விட்ட முதல் நாளை நான் மறக்கவில்லை. பத்து மணிக்கு முற்றத்து வெயில் நகர்ந்து வந்து தொட்டியின் மேல் விழுந்தது. எதிர்ச் சுவரில் வெளிச்சம் நடுங்கிக்கொண்டு ஏறியது. பொட்டு வைத்த மீன் ஒன்று கண்ணாடி ஓரமாக வந்து என் முகத்துக்கு நேரே நின்றது. அதன் செவுள் மூடித் திறப்பதும், வயிற்றுக்குள் ஏதோ கறுப்பாகத் தெரிவதும், கண்ணைச் சுற்றி ஒரு தங்க வளையமும் பார்த்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், எனக்குக் காதில் விழவில்லை. சந்தோஷம் என்ற வார்த்தைக்கு எனக்கு இன்றைக்கும் அந்தச் சுவர் வெளிச்சம்தான் ஞாபகம் வரும்.

மறுநாள் விடியற்காலையில் அத்தை ஈரப்புடவையோடு தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

"நேத்து ஜலத்துலயா பெருமாள் இருப்பார்? எழுந்திரு. திருமஞ்சனம் ஆக வேண்டாமா?"

கோயிலில் பெருமாளை நீராட்டுவதற்குத் திருமஞ்சனம் என்று பெயர். எங்கள் வீட்டில் ராத்திரி தங்கின ஜலம் காலையில் பாத்திரம் கழுவக்கூட ஆகாது. அப்படியிருக்க, அவதார மூர்த்தி பழைய ஜலத்தில் இருப்பதை அத்தையால் எப்படிச் சகிக்க முடியும்? மீன்களை அதுவரை எதில் வைப்பது என்று யோசித்தாள். பித்தளை வேண்டாம், மண்சட்டி கூடவே கூடாது, தாமிரம்தான் பரிசுத்தம் என்று முடிவு செய்தாள். பெருமாள் தீர்த்தத்துக்கென்றே வைத்திருந்த பெரிய செம்புத் தவலையைப் பரணிலிருந்து இறக்கினாள். புளி போட்டுத் தேய்த்தாள். அது தகதகவென்று மின்னியது. கிணற்று நீரை நிரப்பி, துளசி தளம் இரண்டு போட்டாள்.

மீன்களை ஒவ்வொன்றாக மல் துணியில் பிடித்துத் தவலையில் விடுவது என் வேலை. பிறகு தொட்டி நீரை இறைத்துக் கொட்டுவோம். மணலை அலசுவோம், பாசியை உதறுவோம், கண்ணாடியை உள்ளும் புறமும் துடைப்போம். புது நீர் சேந்தி ஊற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை மீன்கள் தவலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

"பாரு, சேவிக்கறதுகள்" என்பாள் அத்தை. எனக்கும் அப்படித்தான் பட்டது.

மூன்றாம் நாள் அப்பா இதைப் பார்த்தார். "பாய் தண்ணியை மாத்த வேண்டாம்னாரே" என்று இழுத்தார்.

"ஜலத்தைப் பத்தி பாய் எனக்குச் சொல்லித் தரணுமா?" என்றாள் அத்தை. அப்பா சிரித்துவிட்டுப் போய்விட்டார். சுத்தம் யாருக்குக் கெடுதல் செய்யும் என்று அவருக்கும் உள்ளூர எண்ணம்.

ஐந்தாம் நாள் வெள்ளி மீன் ஒன்று பக்கம் சாய்ந்து மிதந்தது. அடுத்த நாள் இரண்டு. ஒன்பதாம் நாள் தொட்டியில் மணலும் பாசியும்தான் இருந்தன. அத்தை ஒவ்வொரு மீனுக்கும் தலைக்குக் குளித்தாள். தென்னை மரத்தடியில் என்னைக் குழி தோண்டச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று அழுதாள். அவளைக் கேலி செய்து எழுதிக்கொண்டே வந்தேன், ஆனால் அந்த அழுகை நிஜம். அவளுக்கென்று வளர்க்க அதுவரை எதுவுமே கொடுத்ததில்லை எங்கள் குடும்பம்.

மறுபடி கொள்ளிடம். மறுபடி பதினைந்து மீன். இந்தத் தடவை அத்தை இன்னும் அக்கறையாகச் செய்தாள். தவலையை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ஒரே வாரம். மூன்றாம் தடவை நாலே நாள்.

அப்பா சயன்ஸ் வாத்தியார் அல்லவா, காரணம் கண்டுபிடிக்காமல் விடுவாரா? ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுவந்து விடிய விடியப் படித்தார். காலையில் ஈயம் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"பட்டியில ஈயம் இருக்கு. ஈயம் விஷம். தண்ணியில கரைஞ்சு மீனைக் கொல்றது. நாளைக்கு இதே பட்டி ஸ்கூல் அலமாரியில இருந்தா பசங்க தொட்டுட்டு வாயில கை வெப்பா" என்றார்.

அந்தப் புத்தகத்தில் ஈயத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. செம்புக்கும் ஒரு பக்கம் இருந்திருக்கும். அப்பா அவ்வளவு தூரம் புரட்டவில்லை.

அன்று மத்தியானமே பாலக்கரைக்குப் போனோம். வைகாசி வெயில், தெருவில் கால் வைக்க முடியவில்லை. அப்பா கடை வாசலில் நின்றபடியே பேச ஆரம்பித்தார். பாய் கையிலிருந்த சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கேட்டார். அவர் மகள் உள்ளிருந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"வா, உள்ள ஒண்ணு காட்டறேன்."

நான் தயங்கினேன். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போய்விட்டேன்.

பின்கட்டு ஜன்னலோரம் ஒரு ஜாண் நீளத்தில் சின்னத் தொட்டி ஒன்று இருந்தது. எங்கள் தொட்டிக்கு அறுத்ததில் மிஞ்சிய துண்டுக் கண்ணாடியில் செய்தது. நீர் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. கண்ணாடியின் உள்பக்கமும் பச்சை. முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு பச்சைக்குள்ளிருந்து பொட்டு வைத்த மீன் ஒன்று வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. எங்கள் வீட்டில் நான் பார்த்ததைவிடக் கொழுத்து, சுறுசுறுப்பாக.

"ஒங்களுக்கு வெச்ச அதே பட்டிதான். அத்தா ஒரே நாள்ல பெசஞ்சாங்க, நான்தான் உருட்டிக் குடுத்தேன். இது ஒழுவாம நின்னதுக்கு அப்பறம்தான் ஒங்களுத செஞ்சாங்க" என்றாள் அவள். அத்தா என்றால் அவள் அப்பா.

அவளுடைய அம்மா ஒரு தம்ளரில் ரோஸ் சர்பத் கொண்டுவந்து நீட்டினார். "வெயில்ல வந்திருக்கே, குடிம்மா." எனக்கு நாக்கு வறண்டிருந்தது. ஒரே மூச்சில் குடித்தேன். அந்தக் குளிர்ச்சி தொண்டையில் இறங்கும்போதே பயமும் கூட இறங்கியது. போன வருஷம் என் பெரியப்பா பெண் ஒரு சிநேகிதி வீட்டில் மோர் குடித்துவிட்டு வந்தாள். அவளுக்குப் பஞ்சகவ்யம் கொடுத்து, தலைக்கு ஊற்றி, அந்தக் கதையை அத்தை ஆறு மாசம் ஊர் பூராவும் சொன்னாள். நான் தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்தேன்.

பாய் அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தார். "சார், ஒரு நிமிஷம் உள்ள வந்து பாருங்க. அதே பட்டில எங்கிட்ட ஒண்ணு இருக்கு. மீன் நல்லா இருக்கு."

"வேண்டாம் பாய். நாழியாறது" என்றார் அப்பா. துரையின் பங்களாவைத் தவிர வேறு யார் வீட்டுக்குள்ளும் அவர் சாதாரணமாக நுழைகிறவர் இல்லை.

"அப்ப பாப்பா சொல்லட்டும். பாப்பா பாத்துச்சு."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "நீ உள்ள போனியா?"

மீனைப் பார்த்தாயா என்று அவர் முதலில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. உள்ளே போனாயா என்றுதான் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"மீன் எதாவது பாத்தியா?"

"இல்லை."

என் உதடு சிவந்திருக்க வேண்டும். ரோஸ் சர்பத்தின் இனிப்பு நாக்கிலேயே இருந்தது. பாய் குனிந்து என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பாப்பா உள்ளே போய்ச் சர்பத் குடித்தது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்கு வேலை கிடைத்துவிடும். அவர் அதைச் சொல்லவில்லை.

"வெயில்ல வந்திருக்கு சார். பாத்திருக்காது" என்றார்.

உள்வாசலில் அவர் மகள் காலித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லை பாய். பசங்க புழங்கற இடம். ஈயம்னா யோசிக்கணுமோல்லியோ. ஸ்கூல் வேலைக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கறோம்" என்றார் அப்பா.

"சரிங்க சார்."

தொட்டியைக் கொல்லையில் கிணற்றடிக்குத் தள்ளிவிட்டார்கள். துவைக்கிற நீரும் தூறலும் விழுந்து அது தானாகவே பாதி நிரம்பியது. பச்சை பிடித்தது. தவலை மறுபடி பரணுக்குப் போனது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அப்பா பள்ளிக்கூடம் போயிருந்தார். போய்ப் பார்த்தால் பாயும் அவர் மகளும். பாய் கையில் வாய் கட்டிய ஒரு மண் கலயம். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு யார் என்று கேட்டாள்.

"கண்ணாடிக் கடைக்காரன்ம்மா. நாளைக்கு நாகப்பட்டணம் போயிக் கப்பல் ஏறறேன். இவளும் இவ அம்மாவும் அவங்க ஊருக்குப் போறாங்க. அங்க இத வெச்சுக்க வசதி இல்ல. பாப்பாகிட்ட குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கலயத்துக்குள் அந்த மூன்று மீன்கள். நான் வாங்கிக்கொண்டேன். பாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "தண்ணிய மாத்தாத பாப்பா. கொறஞ்சா கொஞ்சமா ஊத்து." அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் மகள் மட்டும் கடைசி வரை கோயில் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"அந்தக் கலயத்தை ஆத்துக்குள்ள கொண்டு வராதே. சந்து வழியா கிணத்தடிக்குக் கொண்டு போ" என்றாள் அத்தை.

கிணற்றடியில் வேறு என்ன இருந்தது? பச்சைத் தொட்டிதான். மீன்களை அதில் விட்டேன். இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். அவை பாய் வீட்டிலிருந்து வந்த மீன்கள். ஆகவே அவற்றுக்குத் திருமஞ்சனம் கிடையாது, தவலை கிடையாது, அத்தையின் கையே கிடையாது. அதனால் மூன்றும் உயிரோடு இருந்தன. அத்தை மட்டும் சில நாள் யாரும் பார்க்காதபோது சமையலறைப் படியில் நின்று நாலு பருக்கையைத் தூரத்திலிருந்தே வீசுவாள்.

ஆவணியில் ஒரு காலை அப்பா குளிக்கப் போனவர் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வாளி கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"இது எங்கேர்ந்து வந்தது?"

"பாய் குடுத்தார். கப்பலுக்குப் போறதுக்கு முன்னாடி."

அப்பா தொட்டியின் மூலையில் சிவப்புப் பட்டியின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழ் வரை தடவினார். மீன் ஒன்று அவர் விரலைத் தொடர்ந்து கண்ணாடிக்குள்ளே இறங்கியது. அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியனுப்பிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம்தான் திரும்பினார்.

"கடை பூட்டியிருக்கு" என்றார்.

"எந்தக் கடை?" என்று அத்தை கேட்டாள். அவர் சைக்கிளைத் திண்ணையோரம் சாய்த்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார். அன்று நான் உள்ளே என்ன பார்த்தேன் என்று அவர் என்னைப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் போய்ச் சேரும் வரை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அது அப்படியே இருந்தது.

பாய் பினாங்கிலிருந்து திரும்பினாரா என்று தெரியாது. யுத்தம் வந்தது, கப்பல் நின்றது, எத்தனையோ பேர் கடிதமே இல்லாமல் போனார்கள். ஸ்ரீரங்கத்து வீட்டை விற்றபோது தொட்டி என்ன ஆயிற்று என்று அந்தக் கோடையில் பிறந்த தம்பிக்கும் ஞாபகம் இல்லை. அது ஒழுகவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், போன மாதம் என் மருமகள் ஹாலுக்கு ஒரு மீன் தொட்டி வாங்கினாள். கடையிலிருந்து ஒருவர் வந்து அமைத்துக் கொடுத்தார். மோட்டார், விளக்கு, வண்ணக் கல் எல்லாம் வைத்துவிட்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தண்ணீரை முழுசாக மாற்றக் கூடாதாம். கால் பங்கு எடுத்துவிட்டுக் கால் பங்கு ஊற்றினால் போதுமாம்.

"அப்பறம் மேடம், தொட்டி கழுவும்போது மீன எடுத்துச் செம்புப் பாத்திரத்துல மட்டும் வெச்சிராதீங்க. பூஜைப் பாத்திரம்னு சில வீட்ல அப்படித்தான் வெச்சிடறாங்க. புளி போட்டு வெளக்கினதுன்னா கேக்கவே வேணாம். செம்பு மீனுக்கு ஆவாது."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்து என் கைகளைப் பார்த்தேன். மல் துணியில் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தவலையில் விட்ட கைகள். பட்டி கொல்லவில்லை என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். எது கொன்றது என்பது இத்தனை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

மருமகள் அவரிடம் கேட்டாள். "மாத்தாம விட்டா தண்ணி பச்சையாயிடாதா? மீன் செத்துப் போயிடாதா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

"சாகாது. நான் பாத்திருக்கேன்."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்களா? எங்கே பாத்தேள் அம்மா?" என்று மருமகள் கேட்டாள்.

"பாலக்கரையில, ஒரு பாய் வீட்டுல. உள்ள போனேன், சர்பத் குடிச்சேன், மீனைப் பாத்தேன்" என்றேன்.